தொட்டிலில் ஒரு படகு

எனக்கு மிச்சமிருக்கும் ஒரே கடைவாய்ப் பல்லின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இந்த வாரம் நான் எழுதுவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. போன அத்தியாயத்தைப் படித்த வாசகி ஒருவர், "கதை விடுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா பெரியவரே?" என்று கேட்டிருந்தார். அம்மா, எனக்குப் பொய் சொல்ல நன்றாகவே வரும். சொல்வதென்றால் இதைவிட நம்பும்படியாகச் சொல்லியிருப்பேன்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக, இதுவரை நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் நாலு பேர். என் மகன் விசைப்படகுக்காரன். சோற்றுத் தட்டைக்கூடத் தன் இஷ்டத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவான் என்பதால், சின்ன வயதிலேயே சுக்கான் என்று, படகைத் திருப்பும் கட்டையின் பெயர் விழுந்துவிட்டது. அவன் மனைவி, என் மருமகள், இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவள். இறால் வராததால் கம்பெனிக்குப் பூட்டு. என் மகள் சின்னவள், மீன்வளத் துறை ஆபீசின் கட்டுப்பாட்டு அறையில் திரை பார்க்கிறாள். கடலில் போகிற படகெல்லாம் அவளுக்கு ஆளுக்கொரு பச்சைப் புள்ளி. நாலாவது ஆள் நான். எனக்கு வேலை, இருப்பதும் சொல்வதும்.

மீன் குறைந்துகொண்டே வந்தது. அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. முதலில் மீனை அளந்தார்கள். ஒரு சாணுக்குக் குறைந்த மீனைக் கரைக்குக் கொண்டுவரக் கூடாது. அளவுகோலைக் கண்டதும் மீன்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நீண்டன. இது நான் கண்ணால் கண்டது. அடுத்து வலையின் கண்ணை அளந்தார்கள். அதிகாரியின் கட்டைவிரல் நுழைந்தால்தான் அது சட்டப்படியான வலை. அந்த அதிகாரி இங்கே உட்கார்ந்து சாப்பிட்ட சாப்பாட்டில் விரல் பருத்துப்போய், ஊரில் இருந்த வலையெல்லாம் சட்ட விரோதமாகிவிட்டது. அப்புறம் இன்ஜினை அளந்தார்கள். எதற்கும் மீன் மசியவில்லை. கடைசியில் கடலையே அளந்து, வரைபடத்தில் ஒரு கட்டம் கிழித்து, இதற்குள் யாரும் போகக் கூடாது, மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்றார்கள்.

மூடிய கடல் என்று அதற்குப் பெயர். அதற்குக் கதவு எங்கே இருக்கிறது என்று சின்னவளைக் கேட்டேன்.

"உங்க பிள்ளை மனசுல இருக்கணும்பா" என்றாள்.

அவள் அந்தச் சட்டத்தை நம்புகிறவள். சம்பளத்துக்காக அல்ல, நிஜமாகவே. அண்ணனிடம் உட்கார்ந்து எடுத்துச் சொன்னாள்.

"கொஞ்ச வருஷம் அந்த இடத்தை விட்டு வச்சா மீன் திரும்பிடும்ணா. வேற கடல்ல எல்லாம் திரும்பியிருக்கு."

"திரும்பும். அதைப் பார்க்க நான் இருக்கணுமே."

"நீ மட்டும்தான் இருக்கியா? எல்லாரும்தான் பொறுத்துக்கறாங்க."

"எல்லாரும் பொறுத்துக்கறாங்க. நீ திரையில பார்த்துப் பொறுத்துக்கற."

அன்றைக்கு நின்றுபோனது அவர்கள் பேச்சு.

படகுக்குப் படகு ஒரு பெட்டி பொருத்தினார்கள். செருப்புப் பெட்டி அளவு, வெள்ளை நிறம், மேலே ஒரு பச்சை விளக்கு. படகு எங்கே நிற்கிறது என்று அது வானத்துக்குச் சொல்லும், வானம் ஆபீசுக்குச் சொல்லும். கோட்டைத் தாண்டினால் முதல் தடவை எச்சரிக்கை. இரண்டாம் தடவை படகைக் கொஞ்ச நாள் பிடித்து வைப்பார்கள். மூன்றாம் தடவை உரிமம் ரத்து. படகு பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் உடைப்பு முற்றத்துக்குப் போகும். அங்கே கேஸ் தீ வைத்து அறுத்துத் துண்டு போட்டுவிடுவார்கள். ராத்திரி பகல் என்றில்லாமல் அங்கே நீலத் தீ தெரியும்.

என் மகன் இரண்டு தடவை தாண்டிவிட்டான். கூட வந்த ஆட்கள் வேறு படகு பார்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு தனியாகப் போக ஆரம்பித்தான். போவதற்கு முன் பெட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனான்.

எங்கள் வீடு துறைமுகச் சுவரை ஒட்டிய தெருவில் இருக்கிறது. திரையில் பார்த்தால் துறைமுகத்துக்கும் எங்கள் சமையலறைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கட்டிக் கிடக்கிற படகும் அசையும். பெட்டி அசையாவிட்டால் ஆபீசில் சந்தேகப்படுவார்கள். முதலில் அதைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைத்துப் பார்த்தோம். துறைமுகத்துக்குள் சூறாவளி என்று ஆபீசில் மணி அடித்துவிட்டது.

அதனால்தான் பரணிலிருந்து தொட்டில் இறங்கியது.

அந்தத் தொட்டிலை வாங்கியது வேறு ஒரு காரியத்துக்காக. ஆஸ்பத்திரிக்கு மூன்று பேராகப் போனவர்கள் மூன்று பேராகவே திரும்பி வந்தார்கள். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. இப்போது அதில் பெட்டி படுத்திருந்தது. மருமகள் ஒரு கயிற்றைத் தொட்டிலில் கட்டி, மறு நுனியைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, கையால் மற்ற வேலைகளைப் பார்ப்பாள்.

ஒரே ஒரு நாள், பெட்டியைத் தனியாக விட மனசில்லாமல், பைக்குள் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள். பஸ்ஸில். அன்று சின்னவளின் திரையில் எங்கள் படகு கரையேறி, பெரிய சாலை வழியாக எல்லா நிறுத்தங்களிலும் நின்று நின்று போய், துணிக்கடை வாசலில் நங்கூரம் போட்டது. அது எங்கள் படகின் புள்ளி என்பது அவளுக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். சின்னவள் கருவிக் கோளாறு என்று பதிந்துவிட்டு வீட்டுக்கு வந்து, தொட்டிலைப் பார்த்தாள். அன்றிலிருந்து அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கடப்பாள். சட்டத்தை நம்புகிறவள், அண்ணனுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். அது அவளை இளைக்க வைத்துவிட்டது.

இவ்வளவுதான் பழைய கதை. இனி அந்த ஒரு நாள்.

*

காலையில் சுக்கான் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு நின்றான். வானம் கழுவாத பாத்திரம் மாதிரி இருந்தது. சின்னவளும் ஆபீசுக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவில் என் நாற்காலி.

"அப்பா, சிலருக்குச் சொல்லிடுங்க. மதியத்துக்கு மேல காத்து திரும்புதாம்."

"அப்பா, சிலருக்கு அது தெரியும்னு சொல்லிடுங்க."

"தெரிஞ்சும் போறவங்களுக்கு என்ன பேருன்னு கேளுங்கப்பா."

"பேரு சுக்கான்னு சொல்லுங்க."

நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன். இந்த வேலைக்கு எனக்கு ஒருவரும் சம்பளம் தருவதில்லை. சின்னவள் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் தலை மறைந்ததும் சுக்கான் மனைவியிடம் தினமும் சொல்வதைச் சொன்னான்.

"தொட்டில் நிக்கக் கூடாது. யார் கேட்டாலும் நான் வீட்ல இருக்கேன். துறைமுகப் பக்கம் நம்ம வீட்டாள் ஒருத்தரும் தலை காட்டக் கூடாது. நீங்க போய் எட்டிப் பார்த்தா, மத்தவனும் எட்டிப் பார்ப்பான்."

அவன் படகைக் கட்டுகிற இடம் பழைய பனிக்கட்டி ஆலைக்குப் பின்னால். ஆலை மூடிக் கிடப்பதால் அங்கே ஆள் நடமாட்டம் கிடையாது. படகு இல்லாத வெறும் இடம் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்பது அவன் ஏற்பாடு. பிடித்த மீனையும் வேறு துறையில் இறக்கிவிட்டுத்தான் வருவான். நாங்கள் சொன்னதைக் கேட்கிற குடும்பம். மாதக்கணக்கில் எங்களில் ஒருவரும் அந்தப் பக்கம் போனதில்லை.

"இன்னைக்கு ஒரு நாள் போகாட்டா என்னங்க?" என்றாள் மருமகள்.

"ஒரு நாள் போகாட்டா, மறுநாள் போகத் தோணாது."

அது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கடலுக்குப் போகிறவன் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. ஆனால் அவன் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

*

மருமகள் காலால் ஆட்டிக்கொண்டு, கையால் அவன் சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். சட்டையில் சின்னச் சின்னத் துளைகள். மிளகு அளவு. ஓரம் கருகியிருந்தது.

"மாமா, இதைப் பாருங்க. ஒவ்வொரு சட்டையிலும் இருக்கு. பீடி பழகிட்டாரோ?"

"பீடியா? அது நெருப்பு வாளை கடிச்சது. வலையை ஏத்தும்போது பொறி பொறியாத் துப்பும். என் சிநேகிதன் ஒருத்தன் அந்த மீனை வச்சுத்தான் சுருட்டுப் பத்த வைப்பான். ஒரு மழை நாள்ல மீனுக்கு ஜலதோஷம் பிடிச்சு, மனுஷன் அன்னைக்கு முழுக்கச் சுருட்டே பிடிக்கல."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. சட்டையை முகத்தோடு வைத்து முகர்ந்தாள்.

"மீன் வாசனையே இல்ல மாமா. முன்னெல்லாம் ரெண்டு தடவை துவைச்சாலும் போகாது."

"சட்டம் போட்டு மீனைத்தான் இல்லாம ஆக்கிட்டாங்களே. வாசனை மட்டும் எங்கேருந்து வரும்?"

அதற்கும் சிரிக்கவில்லை. ஜன்னல் கதவு தானாகத் திறந்து, தானாகச் சாத்திக்கொண்டது. காற்று திரும்பிவிட்டது.

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. தெருவில் தகரம் பறந்தது. துறைமுக ஒலிபெருக்கியில் எல்லாப் படகும் கரை திரும்ப வேண்டும் என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மருமகளின் கால் வேகமாக ஆட ஆரம்பித்தது.

"மெதுவா ஆட்டும்மா. பெட்டி கவுந்துடப் போகுது."

"எல்லாப் படகும் ஆடும்போது நம்ம படகு மட்டும் மெதுவா ஆடுனா சந்தேகம் வரும் மாமா."

அவள் சொன்னதும் நியாயம்தான். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் நியாயமாகவே பேசினோம்.

*

கட்டுப்பாட்டு அறையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. அதனால் சரியாகச் சொல்ல முடியும், பார்த்தவர்கள்தான் குழம்புவார்கள்.

அது இரண்டாம் மாடியில் இருக்கிற அறை. சுவர் முழுக்கத் திரை. எதிர்ச் சுவரில் ஒரு பெரிய ஜன்னல். அதைத் திறந்தால் துறைமுகம் முழுவதும் தெரியும். ஆனால் வெளிச்சம் பட்டால் திரையில் புள்ளி சரியாகத் தெரிவதில்லை என்று, அதற்குத் தடித்த திரைச்சீலை போட்டு மூடிவிட்டார்கள். அதைத் திறந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

மதியத்திலிருந்து புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கரைப்பக்கம் நகர்ந்தன. சின்னவள் ஒவ்வொன்றையும் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தாள். அவள் பின்னால் அதிகாரி நின்றார். முடி நரைத்த, குரல் உயர்த்தாத மனிதர். துறைமுக வாசலில் ரோந்துக் கப்பல் இன்ஜினை ஓடவிட்டபடி காத்திருந்தது. எந்தப் படகாவது வெளியே மாட்டிக்கொண்டால் போக வேண்டும்.

எங்கள் படகின் புள்ளி காலையிலிருந்தே துறைமுகத்தில் இருந்தது. நல்ல பிள்ளையாக ஆடிக்கொண்டிருந்தது.

"எல்லாம் வந்தாச்சு போல" என்றார் அதிகாரி.

"ஒரு தடவை ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்டுடலாம் சார். ஆளும் வந்தாச்சான்னு."

"புள்ளி வந்தா ஆள் வந்த மாதிரிதானே?"

"இருந்தாலும் சார்."

கேட்கட்டும் என்றார். சொந்தப் போனையெல்லாம் அறைக்கு வெளியே பெட்டகத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆபீஸ் போனில் பேசுவது பதிவாகும். சின்னவள் வரிசையாக எல்லா வீட்டுக்கும் பேசினாள். தன் வீட்டை மட்டும் கேட்க முடியாது என்பதால், எல்லா வீட்டையும் கேட்டாள்.

கடைசியில் எங்கள் வீட்டில் மணி அடித்தது. மருமகள் எடுத்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"வணக்கம். மீன்வளத் துறை கட்டுப்பாட்டு அறையிலேருந்து பேசுறோம். உங்க படகு ஓட்டுறவர் கரைக்கு வந்துட்டாருங்களா?"

சின்னவளின் குரல்தான். ஆனால் வேறு யாரோ மாதிரி இருந்தது. மருமகள் என்னைப் பார்த்தாள். கயிறு கட்டைவிரலை இறுக்கி, விரல் வெளுத்திருந்தது.

"வந்துட்டாருங்க. தூங்குறாரு."

"நல்லாத் தெரியுமா? வீட்லதான் இருக்காரா?"

"என் முன்னாலதாங்க படுத்திருக்காரு."

தொட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு மூச்சு விடும் சத்தம் கேட்டது. "நன்றி" என்றாள் சின்னவள். போன் வைக்கப்பட்டது.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"ஆபீஸ்லேருந்து பேசுறா மாமா. பக்கத்துல அதிகாரி இருப்பாரு. அவர் காதுல விழறதுக்காகத்தானே கேக்கறா? நான் வேற எதைச் சொன்னாலும் படகு போச்சு. அவளுக்குப் புரியும்."

"புரியாட்டா?"

"பெட்டி இங்க இருக்கறது அவளுக்குத் தெரியுமே. புரியாம எப்படி?"

அன்று என்னிடம் வேறு கதை எதுவும் கைவசம் இல்லை.

அங்கே சின்னவள் என்ன நினைத்தாள் தெரியுமா? அண்ணி பொய் சொல்கிறவள் இல்லை, அதுவும் தன்னிடம். பெட்டி எங்கே இருந்தாலும் சரி, அண்ணன் சீக்கிரம் திரும்பிவிட்டான் என்றே நினைத்தாள். நாற்காலியில் சாய்ந்து, "எல்லாரும் வந்தாச்சு சார்" என்றாள்.

அதிகாரி ரேடியோவில் சொன்னார். ரோந்துக் கப்பல் இன்ஜினை நிறுத்தியது.

*

பொழுது சாய்கிற நேரத்தில் சின்னவள் நனைந்துகொண்டு வீட்டுக்குள் வந்தாள். குடையைக் காற்று கொண்டுபோய்விட்டிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு தெளிச்சல். பல மாதமாக நான் பார்க்காத முகம்.

எங்களைத் தாண்டி நேராக அண்ணன் அறைக்கு முன்னால் போய் நின்றாள். கதவு சாத்தியிருந்தது. விரலை மடக்கி மெல்லத் தட்டினாள்.

"அண்ணா. எந்திரி. கோவமெல்லாம் இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம். இன்னைக்கு நீ திரும்பி வந்தியே, அது போதும்."

மருமகள் எழுந்து நின்றாள். கயிறு அறுந்துவிடும்போல இழுபட்டது.

"அண்ணா, நான்தான்."

"அவர் உள்ள இல்லம்மா" என்றாள் மருமகள்.

சின்னவள் திரும்பினாள். வாசலைப் பார்த்தாள். அங்கே அவனுடைய ரப்பர் பூட்ஸ் இல்லை. மழைக்கோட்டு ஆணியில் இல்லை. பிறகு, முதல் தடவையாக, தொட்டிலை நேராகப் பார்த்தாள்.

"தூங்குறாருன்னு சொன்னீங்களே அண்ணி?"

"நீ கேக்க வேண்டியிருந்துச்சு, அதான் கேட்டன்னு நெனச்சேன்."

"நான் தெரிஞ்சுக்கறதுக்காகக் கேட்டேன் அண்ணி! அதுக்காக ஊர்ல இருக்கற எல்லா வீட்டுக்கும் போன் போட்டேன்!"

"படகு போயிடும்னு..."

"கப்பலை நிறுத்தச் சொல்லிட்டோம். இந்தக் காத்துல அண்ணன் தனியா வெளில இருக்கான். அவன் வீட்ல தூங்குறான்னு நானே சொல்லிட்டேன்."

யாரும் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தொட்டில் மட்டும் தானாக ஆடி ஆடி நின்றது. அது நின்றபோது அறையே நின்ற மாதிரி இருந்தது.

சின்னவள் குனிந்து பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"போன்ல சொன்னா நம்ப மாட்டாங்க. திரையில புள்ளி இருக்கற வரைக்கும் என் வார்த்தையை யார் நம்புவா? நான் இதைக் கொண்டுபோறேன்."

"கொண்டுபோனா உன் வேலை?" என்றேன்.

"வேலையா அப்பா இப்ப?"

மருமகள் மறித்து நிற்பாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய் ஒரு துண்டை எடுத்து வந்து பெட்டியின் மேல் போர்த்தினாள். கடலில் நனைவதற்கென்றே செய்த பெட்டி. ஆனாலும் போர்த்தி, ஓரங்களை உள்ளே செருகிவிட்டாள்.

"குடு. நான் தூக்கிட்டு வரேன். எனக்குப் பழக்கம்."

*

இப்போது கட்டுப்பாட்டு அறையை நினைத்துப் பாருங்கள். அதிகாரி கிளம்புவதற்குத் திரையைக் கடைசியாக ஒரு பார்வை பார்க்கிறார். எல்லாப் புள்ளியும் துறைமுகத்தில். திடீரென்று ஒரு புள்ளி கரையேறுகிறது.

தெருவில் வருகிறது. மூலையில் நிற்கிறது, நான் மூச்சு வாங்க நின்றதற்காக நின்றார்கள். மறுபடி கிளம்புகிறது. சாலையைக் கடக்கிறது. இந்தப் பக்கமே வருகிறது. வந்து, ஆபீஸ் கட்டடத்தின் மேலேயே ஏறி நிற்கிறது.

அதிகாரி திரையைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். கதவு திறந்தது.

இரண்டு பெண்களும் தரையில் தண்ணீர் சொட்ட நின்றார்கள். பின்னால் நான், படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

"சார், இதுதான் எங்க அண்ணன் படகு" என்றாள் சின்னவள்.

அவர் துண்டை விலக்கிப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இது எத்தனை நாளா...?"

"முதல்ல கப்பலை அனுப்புங்க சார். அவன் அந்தக் கட்டத்துக்குள்ளதான் இருப்பான். அப்புறம் என்ன கேட்டாலும் சொல்றேன்."

அவர் உடனே ரேடியோவை எடுக்கவில்லை. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்தார்.

"நான் இதுல பேசினா எல்லாம் பதிவாகும்மா. பெட்டியைக் கழட்டினது, மூடின கடலுக்குள்ள போனது. படகு நாளைக்கே முற்றத்துக்குப் போயிடும். இந்தப் பொண்ணுக்கும் வேலை இருக்காது. நான் காப்பாத்த முடியாது. சொல்லாம கப்பலையும் அனுப்ப முடியாது. புரியுதா?"

"புரியுதுங்க."

"அப்ப?"

"அந்தப் படகுக்குத்தாங்க இவ்வளவு நாளா நான் தொட்டில் ஆட்டினேன்" என்றாள் மருமகள். "போகட்டும். அறுத்துக்கட்டும். எனக்கு ஆள் வேணும்."

அதிகாரி மைக்கை அழுத்தினார். படகின் எண்ணைச் சொன்னார். கருவி அகற்றப்பட்டது, உரிமம் ரத்து, ஓட்டுநரைத் தேடவும் என்றார். மூன்றையும் ஒரே குரலில் சொன்னார். சின்னவள் திரைக்கு முன்னால் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் அந்தப் புள்ளியைப் பார்த்தாள். அது அவள் தலைக்கு மேலேயே மினுங்கிக்கொண்டிருந்தது.

கீழே ரோந்துக் கப்பல் இன்ஜின் போடும் சத்தம் கேட்டது.

"போறதைப் பார்க்கணும்" என்றாள் மருமகள்.

பார்ப்பதற்கு ஒரு ஜன்னல் இருப்பது அப்போதுதான் அதிகாரிக்கு ஞாபகம் வந்தது. திரைச்சீலையை இழுத்தார். துருப்பிடித்த வளையங்கள் முதலில் நகரவில்லை. பிறகு ஒரே இழுப்பில் வந்துவிட்டன. தும்மல் வருமளவுக்குத் தூசு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துறைமுகம் மழையில் கிடந்தது. தூரத்தில், பாலத்துக்கு அப்பால், உடைப்பு முற்றத்தில் அந்தக் காற்றிலும் நீலத் தீ பொறி பொறியாகச் சிதறி, விட்டுவிட்டு எரிந்தது.

மருமகள் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். கால் கட்டைவிரலில் கயிறு அறுத்த தடம் சிவந்திருந்தது. அந்தக் கால் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

சின்னவள் வந்து அவள் தோளில் கை வைத்தாள். "கிடைச்சிடுவான் அண்ணி. எங்க இருந்தாலும் கொண்டாந்துடுவாங்க."

நானும் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். மூன்று நாள் திமிங்கிலத்தின் முதுகில் உட்கார்ந்து கரை சேர்ந்தவன் கதை ஒன்று என்னிடம் உண்டு. அது வரவில்லை.

ரோந்துக் கப்பல் வளைந்து திரும்பியது. அதன் பெரிய விளக்கு எரிந்தது. வெளிச்சம் கட்டிக் கிடந்த படகுகளின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்து, துறைமுகத்தின் கடைசி மூலைக்கு, பழைய பனிக்கட்டி ஆலைக்குப் பின்னால் போய் விழுந்தது.

அங்கே என் மகனின் படகு கட்டியபடி நின்றது. அதன் கயிறுகளில் ஒரு விரல் கனத்துக்குப் பாசி படர்ந்திருந்தது.